இரண்டு விரல் மடிப்பு

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்திரண்டு வருடமாக ரெக்கார்டு ரூமிலேயே உட்கார்ந்திருப்பதால், மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ரெக்கார்டு அக்கா. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதல் காரியமாக இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடிப்பாள். நகத்தால் ஒரு கீறு. அடிமுனை பிசிறாமல் இருக்க அதைச் சின்ன முக்கோணமாக உள்ளே செருகிவிடுவாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பாள். துளை போட்டுக் கட்டும்போது எழுத்து உள்ளே போய்விடக் கூடாதாம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே ஓரம் விட்டுத்தான் அச்சடிக்கிறது என்று எடுத்துச் சொன்னாலும் கேட்கமாட்டாள். அக்கா மளிகைச் சீட்டைக்கூட மடித்துவிட்டுத்தான் எழுதுவாள் என்று கிண்டல் செய்வார்கள். அது உண்மையும்கூட.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் மாலை மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு கேட்டுக்கு வந்துடுங்க. வேன் வரும்."

"எங்க போகணும் சார்?"

"எனக்கே தெரியாது. சென்ட்ரல் விசாரணைக்காரங்க லெட்டர் குடுத்திருக்காங்க. எங்கயோ சோதனை போடப் போறாங்க. வெளி ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் சாட்சியா நிக்கணுமாம். அதுல ஒருத்தர் லேடியா இருக்கணுமாம்."

"என்னை எதுக்கு சார் போட்டீங்க? எனக்கு அவங்கன்னாலே பயம்."

"ஊர்ல வாய் விடாத ஆளா வேணும்னாங்க. இந்த ஆபீஸ்ல உங்களை விட்டா யாரு இருக்கா, சொல்லுங்க? வீட்டுல ஆடிட்டுன்னு சொல்லிடுங்க. புருஷன்கிட்டகூட மூச்சு விடாதீங்க."

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அவள் ஒரே மகள் மத்திய அரசுத் தேர்வில் பாஸ் செய்து பயிற்சிக்குப் போயிருந்தாள். முதல் முயற்சியிலேயே, முதல் நூறு பேருக்குள். ரெக்கார்டு அக்கா ஆபீசில் மேஜை மேஜையாகப் போய் இனிப்புக் கொடுத்தாள். ஒருமுறை வாங்கியவர்கள் இரண்டாம் முறை கையை நீட்டியபோதும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். மகளுக்கு வேலை கிடைத்தாயிற்று, இப்போது தன்னையும் ஒரு பொருட்டாக மதித்துக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் எழுந்து சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கணவர் பஸ் டிரைவர், அவருக்கு நாலு மணிக்கே டியூட்டி, அதனால் பொய் சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. சாப்பிட நேரமில்லை. போகிற இடத்தில் ஏதாவது கிடைக்காமலா போகும் என்று கிளம்பிவிட்டாள்.

வேனில் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தது. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களில் ஒரு பெண் காவலரும். யாரும் யாருடனும் பேசவில்லை. சோதனை போடப்போகும் ஆய்வாளர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். அவருக்கு நல்ல ஜலதோஷம், கையில் கைக்குட்டை. சினிமாவில் வருகிற மாதிரி மிரட்டலாக ஓர் ஆளை எதிர்பார்த்திருந்த ரெக்கார்டு அக்காவுக்கு, கணக்கு வாத்தியார் மாதிரி இருந்த அவரைப் பார்த்ததும் பாதி பயம் தெளிந்தது.

"போனை எல்லாம் இந்தக் கவர்ல போட்டுடுங்க" என்றார். "சாட்சி ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். நடக்கிறதைப் பார்க்கணும். நான் எழுதுறது நடந்ததுதானான்னு படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான் வேலை. போற இடத்துல தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க யாராவது இருந்தா உடனே சொல்லிடணும். அப்புறம் சொன்னா என் வேலை மொத்தமும் பாழாயிடும்."

இன்னொரு சாட்சி மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். "எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் இவங்க எதுக்கு வரப்போறாங்க? மீட்டரைத் தவிர திருட அங்க என்ன இருக்கு?" என்று அவள் காதில் கிசுகிசுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது.

வேன் நின்றது. திரையை விலக்கிக்கொண்டு இறங்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் அவள் வாங்கிக் கொடுத்த தொட்டியில் அவள் நட்ட செடி. அது அவளுடைய அண்ணன் வீடு.

அண்ணன் அரசு அச்சகத்தில் மேற்பார்வையாளர். அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்ததும் வேலைக்கு மனுப் போடவைத்ததும் அவன்தான். அவளுடைய கல்யாணத்தையும் அவன்தான் நின்று நடத்தினான். அவனுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய மகளைத்தான் அவனும் அண்ணியும் தங்கள் பெண்ணாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளரின் கையைப் பிடித்து இழுத்து, சார், வீடு மாறி வந்துட்டீங்க என்று சொல்லவேண்டும்போல இருந்தது. அதற்குள் எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

மணி அடித்தார்கள். அண்ணன் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் கையுமாகக் கதவைத் திறந்தான். ஆய்வாளர் அடையாள அட்டையைக் காட்டி, உத்தரவைப் படித்துக் காட்டினார். அவன் அச்சகத்தில் அச்சான தேர்வுத் தாள் முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது, அச்சகத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறார்கள், இந்த வீட்டைச் சோதனை போட வந்திருக்கிறோம் என்று சொன்னார். குரலில் கோபமே இல்லை. தண்ணீர் வரி கேட்க வந்தவர்போல இருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் சாட்சி. உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?"

அண்ணன் மீட்டர்காரரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை ஒரு நொடிதான் நின்றிருக்கும்.

"இல்ல சார். ரெண்டு பேரும் யாருன்னே தெரியாது."

சொல்லவேண்டியது அந்த நேரத்தில்தான். வாயைத் திறந்தாள். அண்ணனே தெரியாது என்று சொன்னபிறகு, தெரியும் என்றால் அவன் முதல் வார்த்தையிலேயே பொய்யனாகிவிடுவானே என்று தோன்றியது. தன் வேலைக்கும் மானத்துக்கும் குந்தகம் வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறான், இந்த நிலைமையிலும் தங்கச்சியை நினைக்கிறானே என்று கண் கலங்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வந்த அண்ணி அவளைப் பார்த்து, "நீ எப்ப..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் இருமினான். அண்ணி அப்படியே நிறுத்தி, "நீங்கல்லாம் யாரு?" என்று முடித்தாள்.

சோதனை என்றால் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. அவர்கள் அலமாரியிலிருந்து எடுத்த துணியை மடிப்புக் கலையாமல் வைத்தார்கள். அரிசி டப்பாவில் கையை விட்டுத் துழாவினார்கள். பழைய பில்கள், வங்கிப் புத்தகம், அச்சகத்து அடையாள அட்டை என்று ஒவ்வொன்றையும் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். மேஜையில் ஒருவர் லேப்டாப்பும் சின்ன பிரிண்டருமாக உட்கார்ந்து, ஆய்வாளர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார். ஒரு அறை முடிந்ததும் ஒரு பக்கம் அச்சாகி வரும். சாட்சிகள் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஆய்வாளரும் சாட்சிகளும். அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும்.

அந்த நாற்காலியில் அவள் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாள். சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. அங்கே ஒரு படம் உண்டு, மகளை அண்ணன் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம். எப்போது கழற்றினார்கள் என்று தெரியவில்லை. நல்லவேளை, இல்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

கூடம் முடிந்தது, ஒரு பக்கம். சமையலறை முடிந்தது, இன்னொரு பக்கம். முன்னறை, மூன்றாவது பக்கம். படித்தாள், கையெழுத்துப் போட்டாள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"சரியா இருக்கு சார். 'மர அலமாரி'ன்னு போட்டிருக்கு, அது இரும்பு."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு திருத்தச் சொன்னார். "இந்த மாதிரி சாட்சி கிடைச்சா எங்களுக்குக் கோர்ட்ல பாதி வேலை மிச்சம்" என்றார். அந்த நிலைமையிலும் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதப் புத்தி அப்படி.

எட்டு மணிக்குப் படுக்கையறைப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை இறக்கினார்கள். அதைப் பார்த்ததும் அண்ணி, "அதுல ஒண்ணுமில்ல சார். குப்பை" என்றாள். சோதனை தொடங்கியதிலிருந்து அவள் வாயே திறக்காமல் இருந்தவள்.

டப்பாவில் முதலில் ஒரு பால் பல் வந்தது, பஞ்சில் சுற்றி. இரண்டு ஹேர் கிளிப். கிரேயானில் வரைந்த ஒரு வீடு, கீழே கோணல் எழுத்தில் 'அத்தைக்கு'.

"அத்தைக்குன்னு இருக்கே. யாரு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சு. இப்ப காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அண்ணி.

அது மகளுக்கு எந்தப் பல், எந்த வருடம் விழுந்தது என்றுகூட ரெக்கார்டு அக்காவுக்குத் தெரியும். அண்ணி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது கிண்டல் செய்தவள் அவள்தான்.

டப்பாவின் அடியில் ஒரு நோட்டு இருந்தது. ஆய்வாளர் அதைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

அவள் கண்ணில் எழுத்து படவில்லை, முதலில் மடிப்புதான் பட்டது. பக்கம் பக்கமாக இடது ஓரம் இரண்டு விரலுக்கு மடித்திருந்தது. அடிமுனையில் சின்ன முக்கோணம். அதற்குப் பிறகுதான் எழுத்து. வரிசை எண் போட்டு, கேள்வி, அதற்கு நேரே பதில், பச்சை மையில் அடிக்கோடு. அந்தக் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்ததே அவள்தான்.

ஆய்வாளர் தன் பையிலிருந்து அச்சடித்த கேள்வித்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிட்டுக்கொண்டே போனார். பாதியில் கைக்குட்டையை மறந்துவிட்டார்.

"இருநூறு கேள்வி. வரிசைகூட மாறல. மேல தேதி போட்டிருக்கு. பரிட்சைக்கு ஆறு நாள் முன்னாடி" என்றார்.

அண்ணன் நோட்டைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தான். "அதை எரிச்சுட்டேன்னு சொன்னியே" என்றான், யாரும் இல்லாத வீட்டில் பேசுகிறவன்போல.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "அவ கையெழுத்துங்க. எப்படி எரிக்கிறது?"

"யார் கையெழுத்து?" என்றார் ஆய்வாளர்.

அண்ணி கையை நீட்டிப் பால் பல்லை மறுபடி பஞ்சில் சுற்றினாள்.

தேர்வுக்கு முன்னால் மகள் பத்து நாள் இந்த வீட்டில் தங்கியது ரெக்கார்டு அக்காவுக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறைச் சத்தம், மாமா வீட்டில்தான் அமைதியாகப் படிக்க முடியும் என்று அவளே ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருந்தாள். பையில் துணி அடுக்கியது அவள். அந்த நோட்டுக்கு அட்டை போட்டதும் அவள். வாசலில் அண்ணன் யாருன்னே தெரியாது என்று சொன்னது தன் மானத்துக்காக இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தன்னைத் தெரியும் என்றால் அடுத்த கேள்வி மகளிடம் போய் நிற்கும். அவன் காப்பாற்றியது மகளை.

பெற்ற பெண். தானே படித்து எழுதிப் பாஸ் செய்தாள் என்று ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுக்கவைத்த பெண். அன்றைக்கு ஒரு துண்டை வாயில் ஊட்டப் போனபோது, எனக்கு வேண்டாம்மா, திகட்டுது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அது இதனால்தானா?

"எழுதின ஆள் கிடைச்சா கேஸ் முடிஞ்சுடும் சார்" என்று ஆய்வாளர் அண்ணனிடம் தணிவாகச் சொன்னார். "நாலு லட்சம் பேர் எழுதின பரிட்சை. ராத்திரி பகலாப் படிச்ச பிள்ளைங்க எத்தனை பேர் வெளிய நிக்கிறாங்க. சொல்லிடுங்க."

"தெரியாது சார். யாரோ ஏஜெண்டு கொண்டாந்து குடுத்தது."

"யாரோ குடுத்ததைப் பால் பல்லோடவா வெப்பாங்க?"

அப்போதுதான் ரெக்கார்டு அக்காவின் பார்வை தன் முன்னால் கிடந்த மூன்று பக்கங்களின் மேல் விழுந்தது. காலையிலிருந்து அவள் படித்துக் கையெழுத்துப் போட்ட பக்கங்கள். மூன்றிலும் இடது ஓரம் இரண்டு விரலுக்கு மடிந்திருந்தது. மூன்றிலும் முக்கோணம். எப்போது மடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கைதான் மடித்திருக்கிறது.

யாரும் பார்க்காதபோது முதல் பக்கத்தை இழுத்து, மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையால் தேய்த்தாள். நகம் கீறிய கோடு போகவில்லை. மேலும் அழுத்தித் தேய்த்தாள். கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்த்தது. பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் காலையிலிருந்து வெறும் வயிற்றில் இருப்பது ஞாபகம் வந்தது. எதிரே இருந்த ஆய்வாளரின் முகம் இரண்டாகத் தெரிந்தது.

"நாலாவது பக்கம் வந்துடுச்சு. படிச்சுப் பாருங்கம்மா" என்று யாரோ சொன்னது தூரத்தில் கேட்டது. பேனாவை எடுத்தாள், அது நழுவிக் கீழே விழுந்தது.

அண்ணி எழுந்துவிட்டாள். உட்காரும்மா என்று பெண் காவலர் சொல்வதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். கரண்டி டம்ளரில் படபடவென்று கலக்குகிற சத்தம் கேட்டது. தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள் நேராக ரெக்கார்டு அக்காவின் பின்னந்தலையைப் பிடித்து டம்ளரை வாயில் வைத்தாள்.

"குடிடி. முழுசாக் குடி. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம வராதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அன்னிக்கும் இப்படித்தான் மயங்கி விழுந்தே. குடி."

அவள் குடித்தாள். தட்டச்சுக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டம்ளர் காலியான பிறகுதான் அண்ணிக்குத் தான் என்ன செய்தோம் என்பது தெரிந்தது. டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

"இல்ல சார். மயங்கப் போறாங்களேன்னு..." என்றாள் அண்ணி.

"தெரியாதுன்னு காலையிலயே சொன்னேனே சார்" என்றான் அண்ணன்.

ரெக்கார்டு அக்கா இருவரையும் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத இரண்டு பேர் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. முகங்கள் எல்லாம் ஒன்றொன்றாகத் தெளிவாகத் தெரிந்தன.

"என் கூடப் பொறந்த அண்ணன் சார்" என்றாள்.

"ஐயோ" என்று மெதுவாகச் சொன்னார் மீட்டர்காரர்.

ஆய்வாளர் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார். "வேன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி நடந்ததில்ல. சாட்சி நாற்காலியில தங்கச்சி. கோர்ட்ல வக்கீல் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவான்."

"அப்போ காலையிலருந்து பண்ணினது எல்லாம் வீணா சார்?" என்றார் மீட்டர்காரர்.

ஆய்வாளர் கைக்குட்டையைத் தேடினார். ரெக்கார்டு அக்காவின் மனம் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வீணாகட்டும். தான் செய்த தப்பால் எல்லாமே வீணாகிப்போகட்டும். வேலை போனால் போகிறது. அண்ணனும் அதையேதான் நினைத்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"நீங்க இனிமே சாட்சி இல்லம்மா. அந்தப் பக்கம் போய் உட்காருங்க" என்றார் ஆய்வாளர்.

அவள் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். அண்ணி நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்ததும் அண்ணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற ஆபீஸ்ல இருந்து ஆளை வரச் சொல்லு. முதல்லருந்து எல்லாம் மறுபடி எழுதணும். இதையெல்லாம் ரத்துன்னு போட்டுத் தனியா வைக்கணும்" என்று தட்டச்சுக்காரரிடம் சொல்லிக்கொண்டே ஆய்வாளர் அவள் கையெழுத்துப் போட்ட பக்கங்களை அள்ளினார். அள்ளியவர் தட்டி அடுக்கினார். ஓரம் சேரவில்லை. மறுபடி தட்டினார். என்ன தடுக்கிறது என்று பார்த்தார்.

இரண்டாவது பக்கத்தை மட்டும் உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பை விரலால் தடவினார். முக்கோணத்தைப் பிரித்தார், மூடினார். பிறகு நோட்டை இழுத்துத் திறந்து, அதன் பக்கத்தில் இதை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். ரெக்கார்டு அக்காவின் கையை அண்ணி இறுக்கிப் பிடித்திருந்தாள், வலித்தது.

"இப்படி மடிக்க உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார். நானாப் பழகிக்கிட்டது. இருபத்திரண்டு வருஷமா."

"ஆபீஸ்ல வேற யாராவது இப்படி மடிப்பாங்களா?"

"இல்ல சார். எல்லாரும் சிரிப்பாங்க."

"நீங்க யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"வேண்டாம்மா" என்றான் அண்ணன். சின்ன வயதில் அவளைச் சாலையில் நிறுத்தி வைக்கும்போது சொல்லும் குரல்.

அவளுக்குப் பொய் சொல்ல ஆசை இல்லாமல் இல்லை. ஆயிரம் பேர் மடிப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் மேஜைமேல் நோட்டு திறந்து கிடந்தது. ஐந்து வயதில் மடியில் உட்காரவைத்து, ரெண்டு விரல் வெச்சுப் பாரு கண்ணு, எழுத்து காணாமப் போகக் கூடாதுல்ல என்று சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சொன்னதை அந்தப் பெண் ஒருநாளும் தட்டியதில்லை. திருட்டுத்தனமாக எழுதும்போதுகூட மறக்கவில்லை.

"ஒருத்திக்குத்தான் சார்" என்றாள்.

தட்டச்சுக்காரர் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெயருக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.